சோதனைக் குழி

மலைவாழ் பெருமக்களே, தாய்மார்களே! ஜவ்வாது மலையின் நெடிய வரலாற்றில் இதுவரை நிகழ்ந்திராத, இனி நிகழ வாய்ப்பும் இல்லாத மாபெரும் நிகழ்வு ஒன்று இன்று காலை சரியாகப் பத்தரை மணிக்கு நிகழவிருக்கிறது. சேறு என்றும் சொதசொதப்பு என்றும் காலங்காலமாக இழிவாகப் பேசப்பட்டு வந்த நமது கோரைப்பள்ளம், உலக ஈரநில நாளாகிய இன்று, உலகத் தரம் வாய்ந்த ஈரநிலப் பூங்காவாக உயர்வு பெறுகிறது. அனைவரும் குடும்பத்தோடு வருக. இனிப்பு வழங்கப்படும்.

ஆட்டோவின் கூம்பு ஸ்பீக்கர் இதை மூன்றாவது தடவையாகச் சொல்லிக்கொண்டு வாசலைக் கடந்தபோது, கோகிலவாணி தன் அப்பாவின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். வேட்டிக் கரையில் கிழித்த துணி. ‘குடும்பத்தோடு வருக’ என்ற இடத்தில் முடிச்சு நழுவியது. அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

ரங்கன் செத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அறுபத்தாறு வயது. மார்ச்சளி. பெரிய மனிதர்கள் சாகும்போது கல்லில் வெட்டி வைக்கும்படி எதையாவது சொல்லிவிட்டுப் போவார்கள். ரங்கன் சாமை விதைத்துப் புளி உலுக்கிப் பிழைத்தவர். அவருக்கு அந்தப் பழக்கம் இல்லை. காலையில் கண்ணைத் திறந்து, “பனியன் காஞ்சிச்சா?” என்று கேட்டார். இருந்த இரண்டு பனியன்களில் ஒன்றை முந்தாநாள் துவைத்துப் போட்டிருந்தாள் அவர் மனைவி செந்தாமரை. மாசி பிறக்கும் முன்பு மலையில் பனி விழும்போது துணி இரண்டு நாளானாலும் காயாது. அவள் கொடிக்குப் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு, பதிலோடு உள்ளே வந்தாள். கேட்டவர் இல்லை. சொல்ல வந்த பதில் வாயிலேயே நின்றுவிட்டது. அதிலிருந்து அவள் வாயைத் திறக்கவே இல்லை. அழவும் இல்லை. சுவரில் சாய்ந்து புருஷனின் முழங்காலில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

கோரைப்பள்ளத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் மீதி எதுவும் விளங்காது. இரண்டரை ஏக்கர் இருக்கும். பார்க்க ஒரு அழகும் கிடையாது. ஏரி மாதிரி பளபளக்காது, படகு விட முடியாது, எருமை இறங்கினால் ஏற்றுவதற்கு நாலு பேர் வேண்டும். முழங்கால் உயரத்துக்குக் கோரை, அதன் அடியில் தவளை, பனிக்காலத்தில் எங்கிருந்தோ வந்து அலகால் சேற்றைக் குத்திக்கொண்டு நிற்கும் உள்ளான்கள். மழை பெய்யும்போது அது பாட்டுக்குக் குடிக்கும். மழை நின்று, மலை முழுக்கக் காய்ந்து, அதிகாரிகள் வறட்சிக் கூட்டம் போடுகிற மாதத்தில், குடித்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். பள்ளத்தின் கீழ்க்கோடியில் விரல் தடிமனில் ஒரு கசிவு. அது இறங்கி இறங்கி நாலைந்து ஓடைகளோடு சேர்ந்து படவேட்டுப் பக்கம் போகும்போது வாய்க்கால் என்று மரியாதையான பெயர் வாங்கிவிடும். மலையில் இருக்கும்வரை அதற்குப் பெயர் சேறுதான்.

இந்தச் சேற்றை ஈரநிலப் பூங்காவாக உயர்த்துவதற்கு அதன் மேல் நாற்பது லோடு கிராவல் கொட்ட வேண்டும். இன்றைக்கு அடிக்கல், முதல் லோடு. கிராவலுக்கு மேல் சிமெண்ட் நடைபாதை, நடைபாதை நடுவே சிமெண்ட் கொக்கு, கொக்கின் வாயிலிருந்து தண்ணீர் பீச்சுவதற்கு ஒரு போர்வெல். திட்ட அறிக்கையில் எல்லாம் இருந்தது. கோகிலவாணி அதை முழுசாகப் படித்திருந்தாள். ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டு எதிரில் ஜெராக்ஸ் கடையில் பதினோரு வருஷமாக வேலை செய்கிறவள். கனமான தமிழில் எழுதிய காகிதத்தைப் பார்த்தாலே அதில் யாரோ ஏமாறப்போகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

அந்த அறிக்கையின் ஏழாம் பக்கத்தில் அவளுடைய அப்பாவின் கையெழுத்து இருந்தது.

போன வருஷம் மே மாதம் இன்ஜினியர் கோகுலகிருஷ்ணன் மண்ணைச் சோதிக்க வந்தார். வெள்ளை ஷூ. பள்ளத்துக்குள் இறங்கினால் ஷூ போய்விடும் என்பதால், கரைமேட்டில் பலாமரத்து நிழலில் சோதனைக் குழி போட்டார். பத்தடி தோண்டியும் பொட்டு ஈரம் இல்லை. வேடிக்கை பார்த்த ரங்கன், “சார், இது மேடு. பள்ளம் அங்க கீது” என்று சொல்லிப் பார்த்தார். “தெரியும் பெரியவரே, இங்க ஒரு கையெழுத்து போடுங்க” என்றார் இன்ஜினியர்.

அந்த இடத்தில்தான் ரங்கன் சறுக்கினார். அறிவொளி இயக்கத்தில் முப்பது வயதுக்கு மேல் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டவர். அந்த ஊரில் அவர் வயது ஆட்களில் வேறு யாருக்கும் வராத வித்தை. காகிதத்தை நீட்டினால் போதும், ‘ப. ரங்கன்’ என்று எழுதி, கீழே ஒரு கோடு இழுத்து, கோட்டுக்கு அடியில் இரண்டு புள்ளி வைத்துவிட்டுத்தான் நிமிர்வார். போட்டார். புள்ளியும் வைத்தார். ‘பத்து அடி ஆழம் வரை நீர் இல்லை, கட்டுமானத்துக்கு உகந்த உலர்நிலம். சாட்சி: ரங்கன், விவசாயி, மேற்படி பள்ளத்தை நன்கு அறிந்தவர்.’

கோகிலவாணி கடையில் அந்த நகலைப் படித்துக் காட்டிய நாளிலிருந்து மனிதர் பஸ் பஸ்ஸாக ஏறினார். ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒரே கோரிக்கை: “என் கையெழுத்தத் திருப்பிக் குடுங்க சார்.” சிரித்தார்கள். போட்ட கையெழுத்தைத் திருப்பித் தர சட்டத்தில் வழியில்லை என்றார்கள். அதற்கப்புறம் ரங்கன் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. ரேஷன் கடையில் கைநாட்டு, முதியோர் உதவித்தொகைக்குக் கைநாட்டு. “உங்களுக்குத்தான் எழுதத் தெரியுமே?” என்று தபால்காரர் கேட்டதற்கு, “மறந்துட்டேன்” என்று மை தடவிய விரலை நீட்டினாராம்.

*

எட்டரை மணிக்குச் சின்னராஜ் வந்தான். ரங்கனின் தம்பி, வார்டு மெம்பர். விழாவுக்காக மொடமொடவென்று வெள்ளைச் சட்டை. சாவுக்காகத் தோளில் ஒரு துண்டு. அண்ணன் காலைத் தொட்டான், கண்ணைத் துடைத்தான், ஒரு நிமிஷம் தலைகுனிந்து நின்றான். அப்புறம் கோகிலவாணியை வாசலுக்கு அழைத்தான்.

“கோகிலா, தப்பா நெனச்சிக்காத. சிறப்பு விருந்தினரு கீழேர்ந்து கெளம்பிட்டாராம்.”

“வரட்டும்.”

“மேளத்த மட்டும் மத்தியானத்துக்கு மேல வெச்சிக்கலாமான்னு இன்ஜினியரு கேக்கறாரு. நல்ல காரியம் நடக்கற எடமாச்சே. அப்புறம் இந்த அழுவறது…”

“அழுவறது?”

“கொஞ்சம் மெதுவா.”

சுவரோரம் கல்லாக உட்கார்ந்திருந்த செந்தாமரையின் காதில் அது விழுந்தது. காலையிலிருந்து திறக்காத வாயை அவள் அப்போது திறந்தாள். அவள் போட்ட ஓலத்தில் கூரையிலிருந்து கோழி இறங்கி ஓடியது. பக்கத்து வீடுகளிலிருந்து பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். எதிர்க் கரட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

சின்னராஜ் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். “சரி வுடு. குழி வெட்ட ஆள் அனுப்பறேன். புளியமரத்தாண்டதானே?”

“வேணாம் சித்தப்பா. கோரப்பள்ளத்துல வெட்டு.”

“எங்க?”

“பள்ளத்துல. நட்ட நடுவுல.”

“உனுக்கு இன்னா புத்தி கெட்டுப் போச்சா? சேத்துல பொணத்தப் பொதைப்பாங்களா?”

“சேறுன்னு யாரு சொன்னது? காஞ்ச நெலம்னு உங்க இன்ஜினியரே எழுதிக் குடுத்துகீறாரு. எங்கப்பன் சாட்சிக் கையெழுத்து போட்டுகீறாரு. செத்தவரு பேச்சுக்கு மரியாத வேணாமா?”

சின்னராஜ் அண்ணியைப் பார்த்தான், அவள் தடுப்பாள் என்று. செந்தாமரை அழுகையை அப்படியே நிறுத்தினாள், குழாயைத் திருகி மூடியதுபோல. மகளின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“மொத வெட்டு தம்பிதான் வெட்டணும்,” என்றாள். “போய் வெட்டு.”

அந்த ஊரில் அது வழக்கம். இன்னொரு வழக்கமும் உண்டு. சாவுக்கென்று மண்வெட்டி போட்ட குழியை வெறுமனே மூடக் கூடாது. பாறை தட்டி இடம் மாற்ற நேர்ந்தாலும், செத்தவருடைய பொருள் ஒன்றையாவது அதில் வைத்துத்தான் மூடுவார்கள். வைத்துவிட்டால் அதுவும் சமாதிதான். அதன் மேல் யாரும் செருப்புக் காலோடு நடக்க மாட்டார்கள், ஒரு கூடை மண் கொட்ட மாட்டார்கள். முதலமைச்சரே வந்து சொன்னாலும் கொட்ட மாட்டார்கள்.

சின்னராஜுக்கு இது தெரியாததல்ல. அண்ணன் மகளை ஏற இறங்கப் பார்த்தான். மூலையிலிருந்த மண்வெட்டியை எடுத்தான். சட்டையைக் கழற்றவில்லை.

*

கரைமேட்டில் பந்தல் போட்டிருந்தார்கள். வாசலில் பெரிய ஃப்ளெக்ஸ். அதில் இளஞ்சிவப்பாக ஒற்றைக்காலில் நிற்கும் பூநாரைகள். அந்தப் பறவை கோரைப்பள்ளத்துக்கு ஒருநாளும் வந்ததில்லை. வரும் உள்ளானுக்கு ஃப்ளெக்ஸில் இடமில்லை. பந்தலுக்குப் பின்னால் கிராவல் ஏற்றிய இரண்டு லாரிகள். மேசையில் நானூறு லட்டு. இன்ஜினியர் கோகுலகிருஷ்ணன் கையில் கம்பியில்லா மைக்கை வைத்துக்கொண்டு ‘ஹலோ, ஒன், டூ’ என்று சொல்ல, அது மலை முழுக்க மோதித் திரும்பி வந்தது. மைக்செட்காரர் வேலையில் சுத்தம். சின்ன இருமல்கூட நாலு ஊருக்குக் கேட்கும்.

கோகிலவாணியும் சின்னராஜும் பங்காளிகள் சக்திவேலும் வீரனும் கோரைக்குள் இறங்குவதை இன்ஜினியர் முதலில் கவனிக்கவில்லை. மாலையும் கையுமாக அவர்கள் பின்னால் போன கண்ணாயிரத்தைத்தான் கவனித்தார், சிறப்பு விருந்தினருக்கு மாலை வந்துவிட்டது என்று.

கண்ணாயிரம் படவேட்டுக்காரர். மூன்று ஏக்கர் விவசாயம். வருஷா வருஷம் சித்திரையில் மலையேறி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, கோரைப்பள்ளத்தில் காலை விட்டுப் பார்ப்பார். முழங்கால்வரை இறங்கினால் அந்த வருஷம் கரும்பு. கணுக்கால் என்றால் ஒரு போகம் நெல். அதுவும் இல்லையென்றால் நிலத்தைச் சும்மா போட்டுவிட்டு மாடு வாங்குவார். முப்பது வருஷமாக டிவியில் வானிலை சொல்கிறவர்களை நம்பாமல் காலை நம்பிப் பிழைத்தவர். வரும்போதெல்லாம் ரங்கன் வீட்டில் கூழ். செய்தி கேட்டதும் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

சின்னராஜ் முதல் வெட்டு வெட்டினான். மண்வெட்டி சத்தமே இல்லாமல் உள்ளே போனது. இழுத்தபோது உறிஞ்சுகிற ஓசை வந்தது. வெள்ளைச் சட்டையில் கன்னங்கரேலென்று சேறு.

“யாருங்க அது? என்ன பண்றீங்க அங்க?” மைக்கை இறக்காமலே இன்ஜினியர் கரையோரம் ஓடி வந்தார். ‘அங்க அங்க அங்க’ என்றது மலை. அதே வெள்ளை ஷூ. கோரை தொடங்கும் இடத்தில் நின்றுகொண்டார்.

“குழி வெட்றோம் சார்,” என்றாள் கோகிலவாணி.

“என்ன குழி? இன்னும் ஒரு மணி நேரத்துல ஃபங்ஷன்!”

“எங்கப்பா ரங்கன் காத்தால செத்துட்டாரு. பொதைக்கக் குழி.”

“இங்கயா? இது கவர்மெண்ட் நிலம்மா!”

“எங்க ஊர்ல எல்லாருமே கவர்மெண்ட் நெலத்துலதான் சார் படுத்துகீறாங்க. யாரும் இதுவரிக்கும் எழுந்து போவச் சொல்லல.”

வீரன் சிரிப்பை அடக்கினான். முடியவில்லை, இருமலாக மாற்றினான்.

இன்ஜினியர் குரலைத் தணித்தார். “இங்க பாரும்மா. உங்க துக்கம் எனக்குப் புரியுது. ஆனா இது பொதைக்கற எடமில்ல. இது… இது வந்து சரியான எடமில்ல.”

“ஏன் சார்? காஞ்ச நெலம்தானே? பத்தடி வரிக்கும் பொட்டு ஈரம் இல்லன்னு ஏழாம் பக்கத்துல எழுதிகீறீங்க. எங்கப்பாவுக்கு ஆறடி போதும்.”

“அது வேற.”

“நீ வெட்டு சித்தப்பா.”

சின்னராஜ் வெட்டினான். சக்திவேல் மறுபக்கம் வெட்டினான். குழி இடுப்பளவுகூட ஆகவில்லை. பங்காளிகளுக்குக் கால் தெரியவில்லை. நாலு பக்கமும் கறுத்த சுவரிலிருந்து நீர் வேர்த்து இறங்கிச் சேர்ந்துகொண்டிருந்தது, யாரும் அவசரப்படுத்தாத வேலையைச் செய்வதுபோல.

இன்ஜினியர் அதைப் பார்த்தார். பாடையைத் தூக்கிக்கொண்டு வந்து இதில் இறக்கிவிடுவார்கள் என்று அவருக்கு உறுதியாகிவிட்டது. மேலிடம், விருந்தினர், கீழேயுள்ள கிராமங்கள், நாளைய செய்தி, எல்லாம் ஒன்றாகத் தலைக்கு ஏறின.

“அய்யோ, நிறுத்துங்கய்யா! பொணத்த எறக்கிடாதீங்க! இது பூரா ஊத்துத் தண்ணி! ரெண்டடில தண்ணி நிக்குது, கண்ணு தெரியல? கீழ படவேடு வரைக்கும் இதத்தான்யா குடிக்கறாங்க!”

கூம்பு ஸ்பீக்கர்கள் சொன்னதை எதிர்க் கரடு வாங்கி, நிதானமாகத் திருப்பிச் சொன்னது. ‘குடிக்கறாங்க. குடிக்கறாங்க.’ சாவு வீட்டில் ஒப்பாரி நின்றது. இன்ஜினியர் தன் கையிலிருந்த மைக்கைப் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“அப்ப முப்பது வருசமா என் காலு பொய் சொல்லல,” என்றார் கண்ணாயிரம்.

கோகிலவாணி இடுப்பில் செருகியிருந்த ஏழாம் பக்கத்தை எடுத்தாள். நாலாக மடித்த ஜெராக்ஸ். பேனாவும் கொண்டு வந்திருந்தாள்.

“இப்ப சொன்னீங்களே சார், அத இதுக்குக் கீழ எழுதிக் கையெழுத்துப் போடுங்க. எழுதிட்டா குழிய மூடிட்டுப் புளியமரத்தாண்ட போய்டறோம்.”

“அப்படியெல்லாம் உடனே எழுத முடியாதும்மா. புரொசீஜர் இருக்கு.”

“போன வருசம் எங்கப்பாகிட்ட வாங்கறப்ப புரொசீஜர் எங்க சார் போயிருந்துச்சு? ஒரு நிமிசம்கூட ஆவலயே.”

அவர் போனை எடுத்தார். யாரிடமோ பேசினார். சிறப்பு விருந்தினரின் கார் கொண்டை ஊசி வளைவில் நின்றிருந்தது. அடிக்கல் நாட்டும் இடத்தில் பிணக்குழி என்று தெரிந்ததும், அவருக்கு வயிறு சரியில்லாமல் போய், வந்த வழியே திரும்பிவிட்டார் என்று தகவல் வந்தது. இன்ஜினியர் தோள் இறங்கியது. அப்புறம் அவர் செய்த காரியத்துக்காக அவரைக் கொஞ்சம் மெச்சத்தான் வேண்டும். ஷூவைப் பார்த்தார். கோரைக்குள் இறங்கினார். இரண்டாவது அடியிலேயே ஷூ போய்விட்டது. வெறும் சாக்ஸோடு வந்து பேனாவை வாங்கினார். ‘நேரில் ஆய்வு செய்ததில் இரண்டு அடியில் நீர் உள்ளது. இது ஈரநிலம். பணி நிறுத்தி வைக்கப்படுகிறது.’ கையெழுத்து. சின்னதாக, புள்ளியில்லாமல்.

கரையிலிருந்து லாரி டிரைவர் கத்தினார்: “சார், கொட்டட்டுமா, வேணாவா?”

“இன்னிக்கு வேணாம்பா.”

“இன்னிக்குன்னா? நாளைக்கா?”

கோகிலவாணி குழியைக் காட்டினாள். “அப்பாவுதுல ஏதாச்சும் வெச்சி மூடுனப்புறம் யாரு கொட்டறான்னு பாக்கறேன்.”

அதற்குள் வீட்டிலிருந்து பெண்கள் வந்துவிட்டார்கள். செந்தாமரை முன்னால் வந்தாள். யாரும் அவளிடம் எதையும் கொண்டுவரச் சொல்லவில்லை. கையில் பனியன் இருந்தது. நேராகக் கொடியிலிருந்து உருவிக்கொண்டு வந்திருந்தாள். அவள் சேற்றில் இறங்க, சின்னராஜ் கை கொடுத்தான். குழி ஓரம் குந்தி, பனியனை விரித்துத் தண்ணீரின் மேல் வைத்தாள். அது உடனே முங்கவில்லை. காற்று புகுந்து, யாரோ போட்டுக்கொண்டதுபோல மார்ப் பக்கம் உப்பிக்கொண்டு மிதந்தது.

“இன்னும் ஈரமாத்தான் கீது,” என்றாள் செந்தாமரை.

சத்தமில்லாமல்தான் சொன்னாள். பக்கத்தில் நின்ற மகளுக்கு மட்டும் கேட்டது. கோகிலவாணி ஏழாம் பக்கத்தை நாலாக மடித்தாள். எட்டாக மடித்தாள். அதற்கு மேல் மடியவில்லை.

பனியன் முங்கியது. மூடினார்கள்.

மூன்று மணிக்கு ரங்கனைப் புளியமரத்தடியில் காய்ந்த மண்ணில் புதைத்தார்கள். மேளம் வைத்துத்தான் எடுத்தார்கள். கண்ணாயிரத்தின் மாலை அவரோடு போனது. சாவு விழுந்த ஊர் இனிப்புத் தொடாது என்பதால் நானூறு லட்டும் லாரியில் ஏறி ஆலங்காயம் போயின.

மறுநாள் கடையில் கோகிலவாணியின் முதலாளி செய்தித்தாளை நீட்டினார். அதிகாரியின் துரித நடவடிக்கையால் அரிய ஈரநிலம் ஒன்று அழிவிலிருந்து காக்கப்பட்டதாக நாலாம் பக்கத்தில் செய்தி. கோகுலகிருஷ்ணன் ஷூ இல்லாமல் கோரை நடுவே நிற்கும் படம். சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் பாராட்டு. உள்ளூர் மக்கள் ஒத்துழைத்ததாகவும் ஒரு வரி. ஈரநிலங்களின் முக்கியத்துவம் குறித்து விரைவில் மாவட்ட அளவில் ஒரு கருத்தரங்கம் நடக்கும் என்றும் இருந்தது.

பனியன் காயவில்லை.